முகாமுக்குப் போகுமுன் வண்டிக்கு அடியில் பாருங்கள்



நவம்பர் பிறந்துவிட்டால் நம் வாலிபர் கூட்டங்களில் முகாம் பேச்சு தொடங்கிவிடும். விக்டோரியாவின் மலைப்பகுதிப் பாதைகளில் பல ஜூன் நடுவில் மூடப்பட்டு அக்டோபர் கடைசி வரை திறப்பதில்லை. அவை திறந்த கையோடு, எந்த வண்டி வருகிறது, யார் ஓட்டுகிறார்கள், யாருக்கு எந்த வண்டியில் இடம் என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் ஓட ஆரம்பிக்கும். கூடாரத்துக்கு ஒரு பொறுப்பாளர், சமையலுக்கு ஒருவர், பாட்டுப் புத்தகத்துக்கும் கிட்டாருக்கும் ஒருவர் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. வண்டியின் அடிப்பாகத்துக்கு மட்டும் யாரும் இல்லை. அந்த அடிப்பாகத்தில் உள்ள ஒரே ஒரு பாகத்தைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன். அது ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன் ஷாஃப்ட் சத்தம் போடத் தொடங்கிய வண்டியில் பிறர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. கிரீஸ் அடிக்க வழியே இல்லாத ஷாஃப்ட் உள்ள பழைய வண்டியானால் சத்தம் வரும்வரை காத்திருக்கவும் கூடாது. அதைக் கழற்றி, கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயின்ட்டுகளைப் போட்டு மறுபடி கட்டித் தரச் சொல்ல வேண்டும். "பழைய வண்டிதானே, ஓடுகிறவரை ஓடட்டும்" என்பது சிக்கனம்போலத் தெரியும். உண்மையில் அதுதான் அதிகச் செலவு வைக்கும் வழி.

இதை ஏன் வாலிபர் பத்திரிகையில் எழுத வேண்டும்? நம்மில் இருபது வயதைத் தாண்டியவர்கள் வாங்கும் முதல் ஃபோர் வீல் டிரைவ் பெரும்பாலும் நம் வயதையே ஒத்த வண்டியாக இருக்கிறது. விலை குறைவு, இடம் தாராளம், பார்க்கவும் கம்பீரம். பெயின்ட்டையும் டயரையும் பார்த்து வாங்குகிறோம். அடியில் சுழலும் இரும்பை யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஷாஃப்ட் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். எஞ்சினின் விசை கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்பர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் பின் அச்சுக்கும், இன்னொரு ஷாஃப்ட் முன் அச்சுக்கும் போகிறது. டிரான்ஸ்பர் கேஸ் வண்டியின் சட்டத்தோடு நிற்கிறது. அச்சோ மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. ஆகவே ஷாஃப்ட் சுழன்றுகொண்டே தன் சாய்வை மாற்றவும் வேண்டும், நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கவும் வேண்டும். நீளத்துக்காக ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல்வரிசை இருக்கிறது. சாய்வுக்காக யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது. அது சிலுவை வடிவில் ஒரு இரும்புத் துண்டு. அதன் நான்கு முனைகளிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் நிறைந்த நான்கு தொப்பிகள். ஊர் மெக்கானிக்குகள் இதைச் சுருக்கமாக "கிராஸ்" என்பார்கள்.

இந்த ஜாயின்ட்டுக்கு 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரும், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயரும் வழங்குகின்றன. அவ்வளவு பழைய யோசனை. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. சாய்வாகச் சுழலும்போது உள்ளே சீரான வேகம் போனாலும் வெளியே சீராக வராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். சாய்வு கூடக்கூட அந்தத் துடிப்பும் கூடும். இதைச் சமாளிக்கப் பல வண்டிகளில் டிரான்ஸ்பர் கேஸ் பக்கத்தில் இரண்டு கிராஸ்களை அடுத்தடுத்து வைத்து, நடுவில் ஒரு சிறு குண்டையும் அது உட்காரும் கிண்ணத்தையும் வைக்கிறார்கள். சாய்வை இரண்டு கிராஸ்களும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும்படி அந்தக் குண்டு பார்த்துக்கொள்கிறது. இதற்கு டபுள் கார்டன் ஜாயின்ட் என்று பெயர். அச்சுப் பக்கத்தில் இன்னொரு கிராஸ். ஆக ஒரு முன் ஷாஃப்டில் மூன்று கிராஸ், ஒரு குண்டு. இந்த நாலும்தான் தேயும் இடங்கள்.

இப்போது நிஜமான ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1998இல் அறிமுகமாகி 2004 வரை தயாரான லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2. ஆஸ்திரேலியச் சாலைகளில் இன்றும் காணக்கூடிய வண்டி. இது நிரந்தர ஃபோர் வீல் டிரைவ். அதாவது மலையில் மட்டுமல்ல, ஆராதனைக்கு வரும்போதும் கடைக்குப் போகும்போதும் முன் ஷாஃப்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் அது நிமிடத்துக்குச் சுமார் 2,500 முறை சுழல்கிறது. இதற்கு முந்தைய டிஸ்கவரியிலும் டிஃபெண்டரிலும் ஜாயின்ட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருந்தது. சர்வீஸுக்குச் சர்வீஸ் கிரீஸ் அடித்தார்கள். டிஸ்கவரி 2இன் முன் ஷாஃப்டில் நிப்பிளை எடுத்துவிட்டு மூடிய ஜாயின்ட்டுகளைப் போட்டார்கள். பராமரிப்பே தேவையில்லை என்பது அதன் பொருள்.

ஒரு பாகத்துக்கு வாழ்நாள் முழுவதும் கிரீஸ் தேவையில்லை என்று யாராவது சொன்னால், யாருடைய வாழ்நாள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஷாஃப்டின் பக்கத்திலேயே புகைக்குழாயும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சூடாக இருக்கின்றன. அந்தச் சூட்டில் வருடக்கணக்கில் கிடக்கும் கிரீஸ் காய்ந்துபோகிறது. ஊசி உருளைகள் வறண்டு, துருப்பிடித்து, பொடியாகின்றன. கடைசியில் டபுள் கார்டன் ஜாயின்ட் உடைந்தால், முன் அச்சில் மாட்டியபடியே ஷாஃப்ட் சாட்டைபோல் சுழன்று, அருகே இருக்கும் ஆட்டோ கியர்பாக்ஸின் அலுமினிய உறையை உடைத்துவிடும். இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் நன்றாக அறிந்த கோளாறு இது. கையில் அடங்கும் மூன்று கிராஸ்களுக்குச் செலவு செய்யாததால், வண்டியின் விலையையே விழுங்கும் கியர்பாக்ஸ் போகிறது. பிறகு அந்த வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும். நெடுஞ்சாலை வேகத்தில் அடியில் அப்படியொரு இரும்பு அவிழ்ந்து அடித்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இது பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. முதலில் மெல்லிய கீச்சொலி. நடக்கும் வேகத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு மதிலை ஒட்டி ஓட்டினால் குருவி கத்துவதுபோலக் கேட்கும். வண்டி வேகம் கூடினால் கீச்சும் வேகமாகும். அடுத்தது, நின்ற வண்டியை எடுக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் "டக்" என்று ஒரு தட்டல். அதற்கடுத்தது, வேகமாகப் போகும்போது தரையில் தெரியும் அதிர்வு. கீச்சொலி ஒருநாள் தானாக நின்றுவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். அது குணமான அடையாளம் அல்ல.

சென்ற ஆண்டு நமக்குத் தெரிந்த ஒரு வாலிபர் தன் பழைய ஃபோர் வீல் டிரைவை ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். எந்தத் தயாரிப்பு, எந்த ஒர்க்‌ஷாப் என்பது இங்கே தேவையில்லை. அடியில் சத்தம் வருகிறது என்று சொன்னார். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். அவருடைய அப்பா ஊரில் லாரி ஷெட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், சட்டையை மாற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், ஜாயின்ட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்த்தார். "தம்பி, கிராஸ் போயிருச்சுடா. இதை வச்சுக்கிட்டு எங்கயும் போகாதே" என்றார். அந்த வாரமே ஷாஃப்ட் வேலை மட்டும் செய்யும் ஒரு சிறு பட்டறையில் அதைக் கழற்றிக் கொடுத்தார்கள். தொப்பியைத் திறந்தபோது உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறப் பொடிதான் இருந்ததாம்.

அந்த அப்பாவுக்கு எந்தப் பட்டயமும் இல்லை. லாரி கிளீனர்கள் கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு நிப்பிளாக அடித்துக்கொண்டு போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். நம் வீடுகளில் இப்படிப்பட்ட அப்பாக்களும் மாமாக்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பதில்லை.

நீங்களே செய்யக்கூடிய சோதனை இது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். புகைக்குழாய் ஆறட்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் போகக்கூடாது. டிஸ்கவரி 2 போன்ற வண்டிகளில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸிலிருந்து பின் ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலே கைபிரேக் போட்டிருந்தும் வண்டி உருளக்கூடும். இதை மறந்து அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. கட்டை கொடுத்தபின், ஒவ்வொரு ஜாயின்ட்டையும் இரு கையால் எதிரெதிராகத் திருகுங்கள். பிறகு மேலும் கீழும் அசையுங்கள். ஜாயின்ட்டுக்குள்ளேயே ஆட்டம் இருந்தால் அது போய்விட்டது. தொப்பிகளைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தாலும் அப்படியே. ஆட்டமே தெரியாமல் உள்ளே இறுகிப்போன ஜாயின்ட்டும் உண்டு. ஷாஃப்டைக் கழற்றி மடக்கிப் பார்த்தால்தான் அது தெரியும். நல்ல ஜாயின்ட் வழுக்கிக்கொண்டு மடங்கும், கெட்டது படிப்படியாக மாட்டிக்கொண்டு மடங்கும். ஆகவே நிப்பிள் இல்லாத பழைய ஷாஃப்டை வெளியிலிருந்து பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மறுபடி கட்டும் வேலை பெரிய இரகசியம் அல்ல, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலை. கழற்றுமுன் எந்தப் பாகம் எந்தப் பாகத்துக்கு நேராக இருந்தது என்று குறி போட வேண்டும். நழுவும் பல்வரிசையை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஜாயின்ட்டுகளின் நேர் தவறி வண்டி அதிரும். பூட்டு வளையங்களை எடுத்து, தொப்பிகளைப் பிரஸ்ஸில் வைத்து நேராகத் தள்ளி எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்துத் தள்ளினால் தொப்பி உட்காரும் துளை கெட்டுப்போகும். புதிய கிராஸ் மூன்றும், நடுக் குண்டும் கிண்ணமும் சேர்ந்தே மாற்றப்பட வேண்டும். குண்டை விட்டுவிட்டுக் கிராஸை மட்டும் மாற்றினால், தேய்ந்த குண்டு புதிய கிராஸைச் சீக்கிரம் தின்றுவிடும். பல்வரிசையில் ஆட்டம் உண்டா, குழாய் வளைந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் மெஷினில் சுழற்றி பேலன்ஸ் செய்ய வேண்டும். மாட்டும்போது நட்டுகள் புதியதாக இருக்க வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். வேலை கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: நிப்பிள் உள்ள கிராஸ் போடுவீர்களா? நடுக் குண்டையும் மாற்றுவீர்களா? பேலன்ஸ் செய்து தருவீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் தராத இடத்தில் கொடுக்காதீர்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. முதலாவது, மூடிய ஜாயின்ட் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. கிரீஸுக்காகத் துளை போடாத கிராஸ் இரும்பு சற்றுப் பலமாகவே இருக்கும். அதோடு, நிப்பிள் வைத்துவிட்டு யாரும் கிரீஸ் அடிக்காவிட்டால் அதுவும் மூடிய ஜாயின்ட்தான். இது சரியான வாதம். அதனால்தான் நிப்பிள் போடுவதோடு வேலை முடியவில்லை என்கிறேன். ஒவ்வொரு எஞ்சின் ஆயில் மாற்றத்தின்போதும், ஆற்றைக் கடந்து வந்த பிறகும் கிரீஸ் அடிக்க வேண்டும். நடுக் குண்டின் நிப்பிள் சில ஷாஃப்டுகளில் உள்ளடங்கி இருக்கும், அதற்கு ஊசிமுனை உள்ள கிரீஸ் கன் வேண்டும். பல ஒர்க்‌ஷாப்களில் அதை மட்டும் விட்டுவிடுவார்கள். கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் கூலி அதிகம், மலிவான புது ஷாஃப்டைத் தபாலிலேயே வரவழைக்கலாமே என்பார்கள். குழாய் வளைந்திருந்தால், தொப்பி உட்காரும் துளை தேய்ந்திருந்தால், பல்வரிசை ஆடினால், புதியது வாங்குவதே சரி. அப்போதும் நிப்பிள் உள்ளதையே வாங்குங்கள். பழையதைப் போலவே மூடிய ஜாயின்ட் உள்ள மலிவு ஷாஃப்டை மாட்டுவது, அதே பழுதை விலை கொடுத்து மறுபடி வாங்குவது. நல்ல குழாயும் நல்ல பல்வரிசையும் இருக்கும்போது கிராஸ் தேய்ந்துவிட்டது என்பதற்காக முழு ஷாஃப்டையும் வீசுவது வீண்.

மூன்றாவது, வழியில் நின்றால் உதவிக்கு போன் செய்தால் போதும் என்பது. வொன்னங்கட்டா பள்ளத்தாக்கில் ஆற்றைக் கடந்து நிற்கும்போது போனில் சிக்னலைத் தேடிப் பாருங்கள். ஷாஃப்டை அங்கேயே கழற்றி எறிந்துவிட்டு வரலாம் என்று சிலர் சொல்வார்கள். நிரந்தர ஃபோர் வீல் டிரைவில் மைய டிஃபரன்ஷியலைப் பூட்ட முடிந்தால்தான் அது நடக்கும். பூட்ட வழி இல்லாத வண்டியில் முன் ஷாஃப்டைக் கழற்றினால் எஞ்சின் ஓடும், வண்டி நகராது.

அரசாங்கச் சோதனை இதைக் கண்டுபிடித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. விக்டோரியாவில் அப்படி இல்லை. இங்கே ரோட்வொர்த்தி சான்றிதழ் பொதுவாக வண்டி கைமாறும்போதும் பதிவு மறுபடி எடுக்கும்போதும்தான் கேட்கப்படுகிறது. ஒரே கையில் பத்து வருடம் இருக்கும் வண்டியின் அடியை அந்தப் பத்து வருடமும் எந்த அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார். சட்டம் கேட்காததை மனச்சாட்சி கேட்க வேண்டும்.

பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு இந்த நாட்டில் சும்மா எழவில்லை. அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2021இல் அதைப் பற்றியே ஒரு முழு அறிக்கை தந்தது. 2022 ஜூலை 1 முதல், கார் தயாரிப்பாளர்கள் சர்வீஸ், ரிப்பேர் விவரங்களைத் தனியார் ஒர்க்‌ஷாப்களுக்கும் நியாயமான விலையில் தர வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் திறக்கவே முடியாதபடி மூடிவைத்த ஜாயின்ட்டுக்கு விவரம் கிடைத்து என்ன பயன்? வாங்கும்போதே திறக்கக்கூடியதைக் கேட்பவர்கள் பெருகினால்தான் தயாரிப்பாளரும் அப்படிச் செய்வார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஷாஃப்டைக் கையில் வாங்கி, திருகிப் பார்த்து, இதைக் கட்டலாம், இதைக் கட்டக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் குறைந்துகொண்டு வருகிறார்கள். மோட்டார் மெக்கானிக் வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்று அரசின் பட்டியலே சொல்கிறது. டேஃப் கல்லூரியில் படித்துக்கொண்டே சம்பளத்தோடு பழகும் வழி இருக்கிறது. "என் மகன் கராஜில் வேலை பார்க்கிறான்" என்று சபையில் தலைநிமிர்ந்து சொல்ல நமக்கு ஏன் இன்னும் தயக்கம்? தச்சுத் தொழில் செய்தவரை ஆண்டவர் என்று அழைக்கிற நாம் கையில் கிரீஸ் படிந்த பிள்ளையைக் குறைவாகப் பார்க்கலாமா?

வாலிபர் சங்கக் கமிட்டிக்கு என் வேண்டுகோள் மூன்று. முகாமுக்கு நான்கு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, வருவதாகப் பெயர் கொடுத்த வண்டிகளை எல்லாம் ஆலய வளாகத்தில் நிறுத்தி, விஷயம் தெரிந்த ஒரு மெக்கானிக்கையோ மாமாவையோ கொண்டு அடிப்பாகத்தைப் பாருங்கள். நான்கு வாரம் என்பது, ஷாஃப்டைக் கழற்றிக் கொடுத்து வாங்கவும், அதன்பின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கவும் போதும். இரண்டாவது, ஷாஃப்டில் ஆட்டம் உள்ள வண்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டிக்காரர் முகம் சுளித்தாலும் எடுத்துவிடுங்கள். மூன்றாவது, சங்கத்துக்கென்று ஒரு கிரீஸ் கன் வாங்கி, ஊசிமுனையும் சேர்த்து வாங்கி, அதை எப்படி அடிப்பது என்று பெண்பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் கற்றுக்கொடுங்கள்.

புறப்படும் காலையில் எல்லாரும் வட்டமாக நின்று பிரயாணத்துக்காக ஜெபிக்கிறோம். அந்த வழக்கம் ஒருநாளும் மாற வேண்டாம். ஆனால் நம் வண்டியில் ஏறும் பிள்ளைகளை அவர்களுடைய அம்மா அப்பா நம்மை நம்பித்தான் அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யவேண்டிய பங்கு, ஒரு மாதத்துக்கு முன்பே, வண்டிக்கு அடியில், கிரீஸ் படிந்த கையோடு செய்ய வேண்டியது.